பஞ்சவர்ணம் தைத்த ஜடை

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் அந்தப் பெட்டிகள் வந்து இறங்கியபோது ஊரே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. பார்ப்பதற்கு ஐஸ் கம்பெனியின் குளிர் அறை மாதிரிதான் இருந்தன. ஆனால் தொட்டால் குளிரவில்லை. உள்ளே வைத்த மல்லிகை மொட்டை ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் காலையில் கிள்ளிய மொட்டாகவே இருந்தது. கம்பெனிக்காரர்கள் அதற்கு வாய்க்குள் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார்கள். மார்க்கெட் ஆட்கள் ஒரே நாளில் அதைத் 'தூங்குற ரூம்' ஆக்கிவிட்டார்கள். பெயர் வைப்பதற்கு நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பூக்கடை பால்ச்சாமியும் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த குடோனில் ஒன்று வாங்கிப் போட்டான். அவன் மகள் நாகஜோதிக்கு அப்போது பத்து வயது. ஐஸும் இல்லை, மருந்தும் இல்லை, பிறகு எப்படிப் பூ வாடாமல் இருக்கிறது என்று அப்பனைக் குடைந்தெடுத்துவிட்டாள்.

“வாடுறதுக்கு நேரம் வேணும்ல தாயி,” என்றான் பால்ச்சாமி. “அந்த நேரத்தைத்தான் இது உள்ள விடாது. நமக்கு வெளியில ஒரு மாசம் போனா, உள்ள இருக்கிற மல்லிக்கு அரை நிமிசந்தான் போயிருக்கும். அதுக்குள்ள அது எங்கிட்டு வாட?”

கதவை ஒட்டி ஒரு திருகு இருந்தது. அதன் மேல் பக்கம் ஒரு சிவப்புக் கோடு. இன்ஜினியர் சொன்னதைப் பால்ச்சாமி மகளிடமும், கூடவே நின்ற அண்ணன் குடும்பத்திடமும் சொல்லிவைத்தான்.

“இந்தக் கோட்டுக்கு மேல மட்டும் ஏத்திரக்கூடாது. உள்ள ஒரு நொடி போறதுக்குள்ள வெளியில ஒரு மாசம் ஓடிரும். ஏத்துறது சுளுவு, இறக்குறதுதான் பாடு. மயிரிழை மயிரிழையா, வருசக்கணக்குல இறக்கணும். படக்குன்னு இறக்குனா உள்ள இருக்கிறது கருகிப் போகும். கோட்டுக்குக் கீழ ஓடுறப்ப எப்ப நிறுத்துனாலும் ஒண்ணும் ஆகாது.”

அந்தச் சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும், பால்ச்சாமியின் மனைவி பஞ்சவர்ணம் மகள் நாகஜோதிக்குப் பூ ஜடை தைத்தாள். வாழைப்பட்டையில் மல்லிகை மொட்டுகளை நெருக்கி நெருக்கித் தைத்து, நடுவே கனகாம்பரம் ஓட்டி, இடுப்பு வரை தொங்கும் பின்னலின் மேல் வைத்துக் கட்டுகிற ஜடை. ஊரில் எந்தப் பெண்பிள்ளைக்கும் அது ஒரு தடவையாவது நடக்கும். பிறகு ஸ்டுடியோவுக்குப் போய், முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடியை நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். ஜடை வைத்துக்கொண்டவளுக்கு மட்டும்தான் ஜடை தெரியாது, அதனால்தான் கண்ணாடி.

அம்மா தைத்து முடிக்கும்வரை நாகஜோதிக்குப் பொறுமை இல்லை. ஆயிற்றா ஆயிற்றா என்று பின்னால் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். பஞ்சவர்ணத்தின் கை ஆடி, ஒரு கனகாம்பர வரிசை கோணிவிட்டது. ஓடிப்போடி என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிரித்துத் தைக்க நேரமில்லை. நாளைக்குச் சாயந்திரம் ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று சொல்லி, ஜடையை ஈரத் துணியில் சுற்றி, வாழை இலையில் பொதிந்து, தூங்குற ரூமின் கடைசி மூலையில் வைத்தாள். ஒரு நாளைக்கு முன்பே ஜடை தைத்து வைக்கிற தைரியம் தூங்குற ரூம் உள்ள வீட்டுக்காரிக்குத்தான் வரும்.

மறுநாள் விடியலில் புருஷனும் பெண்டாட்டியும் பூ மூட்டைகளோடு திண்டுக்கல்லுக்குப் போனார்கள். நாற்கரச் சாலையில் லோடு ஆட்டோ கவிழ்ந்தது. இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்த கையோடு பெரியப்பா சௌந்தரபாண்டி குடும்பத்துடன் வந்து இறங்கினார். அனாதைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்ததாகத்தான் ஊரில் பேச்சு. பால்ச்சாமி பெயரில் இருந்த வீடும் குடோனும் நாகஜோதிக்குப் போகவேண்டியவை என்பது ஊருக்கும் தெரியும், பெரியம்மா குருவம்மாளுக்கும் தெரியும். அந்த இரண்டாவது தெரிதல்தான் வினையாக முடிந்தது.

பள்ளிக்கூடம் நின்றது. விரிந்த பூவையும் மொட்டையும் பிரித்துப் போடுகிற வேலை வந்தது. சாப்பாடு மற்றவர்கள் எழுந்த பிறகு, படுக்கை குடோனில் சாக்கின் மேல். கரண்டிக் காம்பால் வாங்கிய அடிகளை நாகஜோதி யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்?

ஒரு நாள் பூ வாங்க வந்த ஒரு கிழவர், இந்தப் பிள்ளை முடி அச்சாக அவள் அம்மா முடி என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றே குருவம்மாள், பேன் பேன் என்று கத்திக்கொண்டு, துணி வெட்டுகிற கத்தரியால் நாகஜோதியின் முடியைக் காது மட்டத்துக்கு வெட்டிப் போட்டாள். நாகஜோதி கீழே கிடந்த பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைவிட அதிகமாக அழுதது பெரியம்மாவின் மகள் மதுபாலாதான். நாலு வயது. வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. அந்த வீட்டில் நாகஜோதியிடம் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அவள். அக்கா எங்கே போனாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாள்.

முடி போனாலும் நாகஜோதி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முடி வளரும். ஜடை வாடாது. எத்தனை வருஷம் ஆனாலும் அம்மா தைத்தது அந்த மூலையில் மொட்டாகவே காத்திருக்கும். ராத்திரி சாக்கில் படுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அது இருக்கிறது என்று நினைத்தால் போதும், தூக்கம் வந்துவிடும்.

ஆவணி முகூர்த்தம் நெருங்கியது. பழைய சரக்கை எடுத்துவிட்டுப் புதுச் சரக்கு ஏற்ற ரூமை நிறுத்தித் திறந்தார்கள். அப்போதுதான் குருவம்மாள் மூலையில் இருந்த வாழை இலைப் பொதியைப் பார்த்தாள். பிரித்துப் பார்த்து, இது நல்லாத்தான் இருக்கு, அடுத்த மாசம் என் அண்ணன் மகள் சடங்குக்கு ஆகும் என்று சொல்லி அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே எடுத்து ஒளித்தால் ராத்திரிக்குள் வாடிவிடும். உள்ளேயே விட்டால் அடுத்த மாசம் வேறொருத்தி தலையில் ஏறும். உள்ளேயே வேறு இடத்தில் ஒளிப்பது ஒன்றுதான் வழி. மூட்டை ஏற்றுகிற ஆட்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, பாப்பாவைக் கதவுப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“இங்கனயே உக்காந்திரு. சத்தம் போடாத. இந்தா வந்துர்றேன். வந்து உனக்கும் பூ வைக்கிறேன்.”

பாப்பா வாயில் விரலை வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

பூக்கூடைகளுக்குப் பின்னால் ஜடையை எங்கே செருகலாம் என்று தடவிக்கொண்டிருந்தபோது ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பெரியம்மாவின் குரலும் கேட்டது. நாகஜோதி கூடைகளுக்குப் பின்னால் குனிந்தாள். அவ்வளவுதான், கதவு சாத்திக்கொண்டது. சத்தம் போடாதே என்று அக்கா சொல்லியிருந்ததால் பாப்பா சத்தம் போடவில்லை.

முதலில் வெளிச்சம் விளையாடியது. கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியாக வெயில் வந்தது, இருட்டியது, வந்தது, இருட்டியது. யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு வெளிச்சமும் ஒரு பகல் என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பயப்படத்தான் வேண்டும். ஆனால் பெரியம்மாவும் கரண்டிக் காம்பும் ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள், தான் ஏதோ ஒரு வண்டியில் ஏறித் தப்பித்துப் போகிறோம் என்று தோன்றவும், பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

திடீரென்று அந்த ஆட்டமும் நின்றது. பகலும் இரவும் ஒன்றோடொன்று கலந்து, வெளியே எல்லாம் ஒரே சீரான வெள்ளைப் புகையாக ஆகிவிட்டது. கண்ணாடிக்கு நேரே, குடோனின் கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற முருங்கை மரம் இலை விட்டது, உதிர்த்தது, விட்டது, உதிர்த்தது. மரம் மூச்சு விடுவதை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மடியில் ஜடையை வைத்துப் பிரித்தாள். ஈரத் துணியில் நீர் அப்படியே இருந்தது. அம்மாவின் தலைமுடி ஒன்று நூலோடு சேர்ந்து தையலில் சிக்கியிருந்தது. நீளமான முடி. அதை இழுக்காமல் விரலால் தொட்டுப் பார்த்தாள். மொட்டில் இன்னும் வாசம் வரவில்லை, வாழைப்பட்டையில்தான் அம்மா கை வாசம் இருந்தது. நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, யாருமே பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அழுகையும் வந்தது. அம்மா வேணும் என்று வாய்விட்டுச் சொன்னாள். அம்மா செத்த பிறகு அதை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஒரு அழுக்கு தெரிந்தது. மங்கலாக, கலங்கலாக ஒரு கறை. மற்றதெல்லாம் புகையாக ஓடிக்கொண்டிருக்க, அது மட்டும் அதே இடத்தில் இருந்தது. ஜடையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து கதவருகே போனாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறை மெல்ல மெல்ல மேலே ஏறியது. அவள் உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. வெளிப்பக்கத்து அழுக்குபோல.

அப்போது முருங்கை மரம் காணாமல் போனது. அங்கே ஒரு சுவர் எழுந்தது. நாகஜோதிக்கு முதன்முதலாகத் திகில் பிடித்தது. பாப்பாவிடம் இந்தா வந்துர்றேன் என்று சொல்லிவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே புகை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிய ஆரம்பித்தது. பகல் தனியாகவும் இரவு தனியாகவும் தெரிந்தன. பிறகு பகல் நீண்டது. கறைக்கு ஒரு முகம் மாதிரி ஏதோ வந்தது. அதற்குள் கதவு திறந்துகொண்டது.

வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பதைத் தாண்டிய பெண். காக்கி நிறச் சட்டையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் செருகியிருந்தது. நாகஜோதி இரண்டடி பின்னால் போனாள். அந்தப் பெண் கையை நீட்டவில்லை, கிட்டேயும் வரவில்லை. கதவுக்குப் பக்கத்தில், தரையில், சப்பணமிட்டு உட்கார்ந்து, வாயில் ஒரு விரலை வைத்துக் காட்டினாள்.

“பாப்பாவா?” என்றாள் நாகஜோதி.

“ஆமாக்கா.”

அவ்வளவு பெரிய பெண் தன்னை அக்கா என்றதும் நாகஜோதி அவளைத் தாண்டி வெளியே பார்த்தாள். குடோனில் பூக்கூடை ஒன்றுகூட இல்லை. கதவுப் பக்கத்துத் தரையில் ஒருவர் உட்காரும் அளவுக்குச் சிமெண்டு தேய்ந்து வழவழவென்று இருந்தது.

பாப்பா மெதுவாகத்தான் சொன்னாள். நாகஜோதியைக் காணவில்லை என்று நாலு நாள் தேடியிருக்கிறார்கள். அவளுடைய அம்மா வழி ஆட்கள் வந்து கூட்டிப்போய்விட்டார்கள் என்று பெரியப்பா ஊரில் சொல்லிவைத்தார். பிறகு ஒரு மத்தியானம் குருவம்மாள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டாள்.

“அப்பாவைக் கூப்பிட்டுச்சு. ரெண்டு பேரும் மாறி மாறிக் கண்ணாடியில பாத்தாங்க. நான் இங்கனதான் உக்காந்திருந்தேன். அப்புறம் அம்மா திருகைப் பிடிச்சுக் கடைசி வரைக்கும் திருப்பிருச்சு. சோறு போடவேணாம், கல்யாணம் கட்டிவைக்கவேணாம், வீட்டைத் திருப்பிக் கேக்கமாட்டா, கொன்ன பாவமும் இல்லைன்னு அப்பாகிட்ட சொல்லுச்சு. அப்ப எனக்கு அது புரியலை. வளந்த பெறகுதான் புரிஞ்சுச்சு.”

“நீ யார்கிட்டயும் சொல்லலையா?”

“வெளிய சொன்னா வந்து படக்குன்னு நிறுத்துவாங்க, அக்கா கருகிருவான்னு அம்மா சொல்லுச்சு. அது மட்டும் உண்மைக்கா.”

பாப்பாவுக்குப் பத்தொன்பது வயதில் அப்பா இறந்தார். அதற்கு முன்பே அவள் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து கரண்டு வேலை படித்திருந்தாள். அன்றிலிருந்து திருகை இறக்க ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை. அதற்கு மேல் இறக்கினால் உள்ளே சூடு ஏறிவிடும். இடையில் ஊர் உலகமெல்லாம் இந்த ரூமுக்குள் ஆட்களே போக ஆரம்பித்திருந்தார்கள். வெளிநாட்டுக்குப் போன மகன் திரும்பும்வரை காத்திருக்கப் பொறுக்காத அம்மாக்கள் உள்ளே போனார்கள். வைத்தியம் கண்டுபிடிக்கட்டும் என்று நோயாளிகள் போனார்கள். பார்த்துக்கொள்ள முடியாத பெரியவர்களைப் பிள்ளைகளே கொண்டுபோய் வைத்தார்கள். கடைசியில் அரசாங்கம் தடை போட்டு, எல்லா ரூமுக்கும் ஒரே நாளில் கரண்டை நிறுத்தியது.

“நிறுத்துன எடத்துலயெல்லாம்…” என்று ஆரம்பித்த பாப்பா அதை முடிக்கவில்லை. தன் ரூமை மட்டும் சுவர் எழுப்பி மறைத்து, கூரையில் போட்ட சோலார் தகட்டில் வருகிற கரண்டை வைத்து ஓட்டியிருக்கிறாள். ஒரு நாள்கூட ஊரைவிட்டு வெளியே போனதில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம், இந்தக் குடோனைவிட்டு வரமாட்டேன் என்றாள். யாரும் இரண்டாம் தடவை வரவில்லை.

முன்வீட்டிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. நாகஜோதி சட்டென்று பாப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளுக்கு அந்தக் கரண்டிக் காம்படி இன்று காலையில் வாங்கியது.

“பயப்படாதக்கா. அதுக்கு இப்பக் கண்ணு தெரியாது. பூ வாசம் வந்தா உன் பேரைச் சொல்லிப் புலம்பும். அதனாலேயே வீட்டுக்குள்ள பூ கொண்டாரதில்லை.”

பிறகு பாப்பா, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறவள்போல, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“உள்ள எப்பப் பாத்தாலும் அந்தி மாதிரி செவேர்னு இருக்கும். நீ பூவை மடியில வச்சுச் சிரிச்ச. அந்தச் சிரிப்பு முடிய ஒரு மழைக்காலம் ஆச்சு. தினம் பள்ளிக்கூடம் விட்டு ஓடியாந்து பாப்பேன். அப்புறம் நீ அழ ஆரம்பிச்ச. அதைத்தான் பாக்க முடியலை. ஆனாலும் எந்திரிச்சுப் போகலை.”

நிறுத்தி, கண்ணாடியைக் கையால் காட்டினாள்.

“அதுக்குப் பெறகு நீ எந்திரிச்சு வந்து, என் மூஞ்சிக்கு நேரா கையை வச்ச பாரு. ரெண்டு மாசம். அந்தக் கோடை முழுக்க நான் கன்னத்தைக் கண்ணாடியில ஒட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அக்காவுக்கு என்னைத் தெரியுது, தடவிக் கொடுக்குதுன்னு. அது ஒண்ணுதான்க்கா, இத்தனை வருசமும் எனக்கு.”

நாகஜோதி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அது அழுக்கு என்று நினைத்ததை அவள் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவும் மாட்டாள். கையை நீட்டி, பாப்பாவின் கன்னத்தில் வைத்து, கண்ணாடியில் அழுத்தியது போலவே அழுத்தித் தடவினாள். இந்தத் தடவை கறை அசைந்தது, நனைந்தது.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தோளில் கிடந்த ஜடை வெளிக்காற்றுப் பட்டு லேசாக உப்பிக்கொண்டு வந்ததைப் பாப்பாதான் முதலில் பார்த்தாள். பூக்காரர் வீட்டுப் பெண்ணல்லவா. பதறி எழுந்தாள்.

“அக்கா, இது ராத்திரிக்குள்ள விரிஞ்சு வாடிரும். உனக்கு முடி வளர எப்படியும் மூணு நாலு வருசம் ஆகும். ரூமுக்குக் கரண்டு இன்னும் இருக்கு. இப்பவே உள்ள வச்சு ஓட்டிவிட்டா, மொட்டாவே இருக்கும். சித்தி கையால தைச்சது, உலகத்துல வேற கிடையாதுல்ல.”

நாகஜோதி தன் தலையைத் தடவிப் பார்த்தாள். காது மட்டத்தில் கத்தரித்த முடி அப்படியேதான் இருந்தது. ஜடையை முகத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அம்மாவின் கடைசி வேலை. இதற்காகத்தான் உள்ளே போனாள். திறந்து கிடந்த ரூமைப் பார்த்தாள், கதவுக்குப் பக்கத்தில் தேய்ந்து கிடந்த தரையைப் பார்த்தாள்.

“உள்ள வச்சா,” என்றாள், “மறுபடியும் ஒராளு இங்கன உக்காந்திருக்கணும்ல?”

பாப்பா அந்தத் தேய்ந்த தரையைக் காலால் தடவினாள்.

“திரும்பி உக்காரு பாப்பா. உனக்குப் பூ வைக்கிறேன்னு சொன்னேன்ல.”

பாப்பா அந்தத் தேய்ந்த இடத்தில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். காக்கிச் சட்டைக்குள் செருகியிருந்த பின்னலை வெளியே எடுத்துப் போட்டாள். இடுப்புக்குக் கீழே தொங்கியது. அங்கங்கே ஒன்றிரண்டு நரை. வெட்டவே இல்லையாம். அக்கா வெளியே வரும்போது அக்காவுக்கு முடி இருக்காது, ஜடை வைக்க யாருக்காவது முடி இருக்கவேண்டாமா என்று நாலு வயதில் நினைத்தது, அப்படியே வளர்ந்துவிட்டது என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தலையில் ஒரு முழம் பூ ஏறியதில்லை. அக்கா வந்து வைப்பதாகச் சொல்லியிருந்தாளே.

அம்மா எப்படிக் கட்டுவாள் என்று நாகஜோதிக்குத் தெரியும். உச்சியில் ஊசி குத்தி, பின்னலின் மேல் ஜடையைப் படுக்கவைத்து, பக்கவாட்டில் நூலை விட்டு விட்டு இறுக்கிக் கட்டினாள். அம்மாவின் தலைமுடியும் அந்த நூலோடு சேர்ந்து பாப்பாவின் பின்னலுக்குள் போனது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்து நாலடி பின்னால் போய் நின்றாள்.

அப்போதுதான் ஜடையை முழுசாகப் பார்த்தாள். இதுவரை மடியிலும் தோளிலும் மடிந்து கிடந்துதான் அவளுக்குத் தெரியும். ஸ்டுடியோவுக்குப் போயிருந்தால்கூடக் கண்ணாடியில், போட்டோவில்தான் பார்த்திருப்பாள். உச்சியில் மொட்டுகளையே தாமரை மாதிரி வட்டமாகத் தைத்திருந்தது. அதற்குக் கீழே நெருக்கமாக மல்லிகை, நடுவே கனகாம்பரம். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு வரிசை மட்டும் கோணியிருந்தது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிய இடம். அந்தக் கோணலில்தான் முதல் மொட்டு விரிந்தது. பிறகு அதன் பக்கத்து மொட்டு. குடோன் முழுவதும் மல்லிகை வாசம் வந்தது. முன்வீட்டில் இருமல் நின்று, ஒரு கிழட்டுக் குரல் நாகஜோதி, நாகஜோதி என்று கூப்பிட ஆரம்பித்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“எப்படிக்கா இருக்கு? எனக்குத் தெரியலையே,” என்றாள் பாப்பா, தலையை அசைக்காமல்.

முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. நாகஜோதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உச்சியிலிருந்து ஆரம்பித்து, அம்மா தைத்ததை ஒவ்வொரு வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.